வாசனை இல்லாத பாட்டில்

மிஸ்ரியாவின் ஃபேன்சி கடையில், கண்ணாடிப் பெட்டியின் மேல் நாலு பாட்டில்களை வரிசையாக நிறுத்திவிட்டு, சட்டைப் பையிலிருந்த தாள் புத்தகத்தை எடுத்தேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளமான புத்தகம். உள்ளே மஞ்சள் தாள் கீற்றுக் கீற்றாக இருக்கும். நான் வேலை செய்கிற நூல் வெளுப்புப் பட்டறையில், தொட்டித் தண்ணீரில் காரம் எவ்வளவு, புளிப்பு எவ்வளவு என்று பார்க்க முக்கி எடுக்கிற தாள். காரம் கூடினால் நீலம் ஓடும். புளிப்பு கூடினால் சிவக்கும். நடுவாக இருந்தால் பச்சை.

“என்ன அண்ணாச்சி, கடைய லேப் ஆக்கிட்டிய?” என்றாள் மிஸ்ரியா. “முகத்துக்கு டோனர் கேட்டு வந்த ஆம்பளையே நீங்கதான் முதல் ஆளு. அதுலயும் இப்படித் தாளோட வந்த ஆள நான் கடையநல்லூர்லயும் பாத்ததில்ல, இங்கயும் பாத்ததில்ல.”

“எம் மவளுக்கும்மா.”

“தெரியும், தெரியும். உங்களுக்குன்னா சுண்ணாம்புல்லா தந்திருப்பேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் நாலு பாட்டிலையும் மாதிரிக்குத் திறந்து, பஞ்சில் ஒவ்வொரு சொட்டு விட்டுக் கொடுத்தாள். முதல் பாட்டில் பன்னீர். திறந்ததுமே கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது. இரண்டாவது நீலக் கண்ணாடி பாட்டில். மூக்கில் வைத்தால் ஊசி போடுவதற்கு முன் தடவுகிற ஸ்பிரிட் வாசம். மூன்றாவதில் எலுமிச்சம்பழம் படம் போட்டிருந்தது. தாளை வைத்தேன். செம்பருத்திபோலச் சிவந்துவிட்டது.

நாலாவது வெள்ளை பிளாஸ்டிக் பாட்டில். படம் இல்லை, வாசனை இல்லை. கையில் ஒரு சொட்டு விட்டால் தண்ணீரைவிடக் கொஞ்சம் வழவழப்பு. தாளின் மஞ்சள் லேசாக ஆரஞ்சுப் பக்கம் மாறி நின்றது. தோலுக்குக் கொஞ்சம் புளிப்பு வேண்டும், அதிகம் கூடாது என்று மகளைப் பார்த்த டாக்டரம்மா சொல்லியிருந்தார். அந்த அம்மா எழுதித் தந்த சீட்டையும் எடுத்தேன். அதில் மேலே மூன்று இங்கிலீஷ் சொற்கள், இவை இருக்கக் கூடாது. கீழே இரண்டு, இவை இருந்தால் நல்லது. எனக்குத் தமிழ் எழுத்தே நாற்பது வயதுக்கு மேல்தான் கைக்கு வந்தது. இங்கிலீஷில் உருவம் மட்டும் தெரியும். நூல் மூட்டையில் லாட் எழுத்தை ஒப்பிடுகிற மாதிரி, பாட்டிலின் முதுகில் இருந்த பொடி எழுத்தை விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மேலே உள்ள மூன்றும் இல்லை. கீழே உள்ள இரண்டும் இருந்தன.

“வாசமே இல்லாததயா எடுக்கிய?” என்றாள் மிஸ்ரியா. “பொம்பளப் பிள்ள அண்ணாச்சி, ஆசப்பட வேண்டாமா?”

“இது போதும்மா.”

“இன்ஷா அல்லாஹ், நல்லாயிரும். முகங்கழுவி ஈரம் காயுறதுக்குள்ள உள்ளங்கையில விட்டு ஒத்தி எடுக்கச் சொல்லுங்க. பஞ்சு வெச்சுத் தேய்க்க வேண்டாம்.”

சரி என்று வாங்கிக்கொண்டேன். நான் தேர்ந்தெடுத்தது சரியான பாட்டில்தான். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை.

என் மகள் ஏஞ்சலுக்கு இருபத்து மூன்று வயது. இதே ஊரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறாள். மூன்று வருடத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்தபோது என்னைப்போல் மாநிறம். கூட வேலை செய்த பிள்ளைகள் ஒரு டியூப் சொல்லிக் கொடுத்தார்கள். சிவப்பு மூடி போட்ட டியூப். மருந்துக் கடையில் சீட்டுக் கேட்காமல் கொடுப்பார்கள். இரண்டே வாரத்தில் முகம் பளபளவென்று ஆனது. ஃப்ளோர் மேனேஜர் லிங்கேஷ் அவளைப் பட்டுச்சேலை கவுண்டருக்கு மாற்றினார். வீட்டுக்கு வந்து அவள் அதைச் சொன்ன நாளில் என் மனைவி ஞானபூரணம் பாயசம் வைத்தாள். நானும் குடித்தேன்.

அப்புறம் டியூப் போடாத நாளில் முகம் எரிய ஆரம்பித்தது. கன்னத்தில் சிவப்பு நரம்பு கோடு கோடாகத் தெரிந்தது. வெயிலில் பத்து நிமிடம் நின்றால் முகம் சுட்ட மாதிரி ஆகிவிடும். ஒரு நாளைக்கு ஒரு தடவை தடவியது போய் இரண்டு தடவை, மூன்று தடவை என்று ஆனது. கண்ணுக்குக் கீழே தோல் வெங்காயச் சருகுபோல் ஆகிவிட்டது. அவளைத் தென்காசியில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் நான்தான் பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா பூதக்கண்ணாடி வைத்த ஒரு விளக்கை அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். டியூபை வாங்கிப் பார்த்துவிட்டு மேஜை டிராயருக்குள் போட்டுக்கொண்டார்.

“இது மருந்து. க்ரீம் இல்ல. அஞ்சு நாள் போட வேண்டியத மூணு வருஷம் போட்டிருக்க. தோலுக்கு மேல ஒரு காப்பு இருக்கும்மா. உள்ள இருக்கிற ஈரத்த வெளிய விடாது, வெளிய இருக்கிறத உள்ள விடாது. அத இது அரிச்சு எடுத்துட்டுது.”

எனக்கு அது உடனே விளங்கியது. தறியில் ஏற்றுமுன் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவார்கள். கஞ்சி போன நூல் உராய்வு தாங்காது. அதைவிட மோசம், காரத்தில் அதிக நேரம் கிடந்து வெந்துபோன நூல். தொட்டியிலிருந்து எடுக்கும்போது மற்ற எல்லா நூலையும்விட அதுதான் வெள்ளையாக இருக்கும். பார்க்கிறவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். தறியில் ஏற்றினால் தொட்ட இடமெல்லாம் அறும்.

அந்த நேரம் ஏஞ்சலுக்குப் போன் வந்தது. கடையிலிருந்து லிங்கேஷ். பேசுவதற்கு வெளியே போனாள். அப்போதுதான் டாக்டரம்மா என்னிடம் அதைச் சொன்னார்.

“இத இன்னையோட நிறுத்தணும். நிறுத்தினா நாலஞ்சு நாள்ல முகம் பொங்கும். இப்ப இருக்கிறதவிட மோசமா ஆகும். செவக்கும், எரியும், கட்டி வரும். ஒரு மாசம் அப்படித்தான் இருக்கும், சிலருக்கு இன்னும் கூட ஆகும். பயந்துட்டுத் திரும்ப இத எடுத்தா அதோட முடிஞ்சுது, பிறகு விடவே முடியாது. நீங்க அவகிட்ட தெளிவாச் சொல்லிருங்க.”

“சரிம்மா.”

சோப்பு வேண்டாம் என்றார். பூசுவதற்கு ஒரு களிம்பு எழுதினார். முகம் கழுவியதும் தோலின் ஈரம் போகாமல் இருக்க, எரிச்சல் இல்லாத ஒரு டோனர் எந்தக் கடையிலும் வாங்கலாம் என்று அந்தச் சீட்டைத் தந்தார்.

பஸ்ஸில் வரும்போது ஏஞ்சல் ஜன்னலோரம் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“நான் வெளிய போனப்புறம் வேற என்ன சொன்னாங்க?”

சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் இருக்கிறது. நூல் தொட்டியில் கிடக்கும்போது அது எப்படி வரும் என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சாயம் ஒட்டாது, திட்டு விழும், வெளுக்காது என்று ஒரு சொல் விழுந்தால் நூல் அதைக் கேட்கும் என்பார் மேஸ்திரி முகம்மது மைதீன். யாராவது வந்து எப்படி வரும் என்று கேட்டால் ‘காயட்டும்’ என்பதுதான் பதில். புதிதாக வந்த ஒருவன் ஒரு தடவை, ‘இது தேறாது போலிருக்கே’ என்று சொல்லிவிட்டான். மைதீன் அவனை அன்று முழுவதும் தொட்டிப் பக்கம் விடவில்லை. மூடத்தனம் என்றுதான் நானும் நினைப்பேன். ஆனால் இருபத்தாறு வருடமாக நானும் சொன்னதில்லை.

மோசமாகும் என்று சொன்னால் அவள் மனசு விட்டுவிடும், ஆரம்பிக்கவே மாட்டாள் என்று எனக்குப் பட்டது. அதோடு அந்தப் பழக்கமும் நாக்கைப் பிடித்துக்கொண்டது.

“ஒண்ணும் சொல்லல. டியூப நிறுத்தணும்னாங்க. நீ மறுபடி அதத் தொடாம இருந்தாச் சரி.”

“சரியாயிருமா?”

“காயட்டும் மக்கா” என்றேன். அவள் துப்பட்டாவுக்குள் சிரித்தாள். அந்தச் சொல் அவளுக்கும் தெரியும்.

எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அவள் மறுபடி அந்த டியூபைத் தொடக் கூடாது. வேலை, கல்யாணம் எல்லாம் அதற்குப் பிறகுதான். எங்கள் ஊர் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு அப்போது இருபத்தெட்டு நாள் இருந்தது.

முதல் நாலு நாள் நன்றாகப் போனது. காலையில் முகம் கழுவிவிட்டு வருவாள். பாட்டிலைத் திறந்து உள்ளங்கையில் விட்டு, குழந்தை முகத்தைத் தொடுகிற மாதிரி கன்னத்தில், நெற்றியில், கழுத்தில் ஒத்திக்கொள்வாள். “எரியலப்பா” என்றாள் முதல் நாள். “பச்சத் தண்ணி பட்டாலே எரியும். இது எரியல.” நான் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே பார்த்தேன். அவள் குளிக்கிற சோப்பை ஏற்கெனவே என் தாளில் சோதித்திருந்தேன். கருநீலம். அதைத் தூக்கிச் சாக்கடையில் எறிந்துவிட்டேன். வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை என்று ஞானபூரணம் இரண்டு நாள் முணுமுணுத்தாள்.

ஐந்தாம் நாள் முகம் பொங்கியது.

கன்னம் இரண்டும் சிவந்து வீங்கிவிட்டன. தாடை முழுக்க முத்து முத்தாகக் கட்டி. தூங்கி எழுந்தவள் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் பாயில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

“ஏங்க, இது என்ன தண்ணி வாங்கிட்டு வந்திய?” என்றாள் ஞானபூரணம்.

“தண்ணிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.”

“பின்ன எதுக்குச் சம்பந்தம்? டியூப் போட்டப்ப இப்படி இருந்துச்சா?”

“கொஞ்ச நாள் பொறுத்துப் பாப்போம்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நாளைக்குக் கொஞ்சம் வற்றிவிடும், அதைப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாள் இன்னும் கூடியது. இவ்வளவு ஆன பிறகு சொன்னால், ஏன் முன்னமே சொல்லவில்லை என்று கேட்பாளே என்று அதற்கும் பயம். ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடச் சொல்வது கஷ்டமாக இருந்தது.

கடையில் அவளைப் பட்டுக் கவுண்டரிலிருந்து எடுத்து மாடியில் மடிப்பு வேலைக்கு அனுப்பினார்கள். வாடிக்கையாளர் பிரித்துப் போட்ட சேலையெல்லாம் மேலே வரும். காலையிலிருந்து மடித்து மடித்துக் கீழே அனுப்ப வேண்டும். அங்கே கண்ணாடி இல்லை என்பதுதான் ஒரே நிம்மதி என்றாள். பக்கத்து வீட்டுப் பெண் கோயில் புற்றுமண் கொண்டுவந்து கொடுத்தாள். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஆனாலும் ஞானபூரணம் அதைக் குழைத்து அவள் கன்னத்தில் போட்டுவிட்டாள். காய்ந்து இழுத்தபோது ஏஞ்சல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான்தான் ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். துணியில் மண்ணோடு தோலும் வந்தது.

இவ்வளவுக்கும் அவள் டியூபைத் தொடவில்லை. அதைச் சொல்ல வேண்டும். பதினாறு நாள் தொடவில்லை. நான் சொன்ன ஒரு சொல்லை நம்பி.

பதினேழாம் நாள் வேலை முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கதவுப் படியில் நின்றாள்.

“லிங்கேஷ் சார் கூப்பிட்டாரு. தபசுக்கு வெளியூர்க் கூட்டம் வரும், கவுண்டருக்கு ஆள் வேணும். மூஞ்சி சரியானா நீ நில்லு, இல்லன்னா கரிவலத்துலருந்து ஒரு பிள்ள வருது, மடிப்புக்கும் ஆள் கூடிப்போச்சுன்னு சொல்லுதாரு.”

“போனாப் போகுது மக்கா. வேற வேல கிடைக்கும்.”

“இந்த மூஞ்சிக்கா?”

ஞானபூரணம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். இனியும் அடக்க முடியாது என்று எனக்குத் தெரிந்தது.

“ஏட்டி, கொஞ்சம் உக்காரு. அந்த டாக்டரம்மா சொன்னாங்க. நிறுத்தினா ஒரு மாசம் இப்படித்தான் பொங்கும்னு. பொங்கித்தான் அடங்கும். இப்பப் பாதிக்கு மேல தாண்டிட்ட.”

அவள் உட்காரவில்லை.

“எப்பச் சொன்னாங்க?”

“அன்னைக்கே. நீ போன் பேசப் போனியே, அப்ப.”

“பஸ்ல கேட்டேன். ஒண்ணும் சொல்லலன்னிய.”

“சொன்னா நீ பயந்துருவன்னு…”

“பதினேழு நாளாப் பயப்படாம இருந்தேனா?”

தொட்டி, நூல், மைதீன் என்று சொல்லப் பார்த்தேன். பாதியிலேயே எனக்கு வெட்கமாகிவிட்டது.

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “இல்லப்பா” என்றாள். “நீங்க தாள் வெச்சுப் பாத்து, எழுத்துக்கூட்டிப் படிச்சு, ஆசையா வாங்கிட்டு வந்திய. அது எனக்குச் சேரல. அத ஒத்துக்க உங்களுக்கு மனசு வரல. அதுக்கு அந்த டாக்டரம்மாவ இழுக்காதிய.”

“பொய் சொல்லல மக்கா. வா, நாளைக்குப் போய் அவங்க வாயாலயே கேப்போம்.”

“தபசு நேரத்துல லீவு கேட்டா, நீ வீட்லயே இருந்துக்கன்னுருவாரு.”

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், பட்டறைக்கு வெளியே நின்று சீட்டில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் விவரத்தைப் பொறுமையாகக் கேட்டாள். நோயாளி வராமல் டாக்டர் போனில் பேச மாட்டார்கள், கூட்டி வாருங்கள் என்றாள். எப்போதென்று கேட்டேன். பகல் பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை என்றாள். ஏஞ்சல் கடைக்குப் போகிற நேரம் ஒன்பதரை.

“என்னவே, முகம் தொங்கிக் கிடக்கு?” என்றார் மைதீன்.

சொன்னேன். முதல் தடவையாக முழுவதையும் சொன்னேன். அவர் கையிலிருந்த கோலைத் தொட்டி விளிம்பில் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஏன்வே, அது நூலுக்குச் சொன்னதுல்லா? பிள்ளைக்குக் காது இருக்கே.”

நான் வேலையைப் பார்க்கப் போனேன்.

அன்று மாலை வீட்டில் சிவப்பு மூடி டியூப் புதிதாக ஒன்று இருந்தது. கண்ணாடிக்குக் கீழே, சீப்புக்குப் பக்கத்தில், மறைக்காமல்தான் வைத்திருந்தாள். ஞானபூரணம் என் முகத்தைப் பார்க்காமல் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். டியூபை எடுத்து எறிந்துவிடலாம் என்று கை போனது. அந்த டியூப் பத்து மருந்துக் கடையில் இருக்கிறது. எத்தனையை எறிவது?

மூன்றே நாள். சிவப்பு வற்றிவிட்டது. கட்டிகள் அமுங்கிவிட்டன. நாலாம் நாள் காலையில் முகம் பழையபடி பளபளத்தது. பழையதைவிடவும் என்று சொல்ல வேண்டும். ஜன்னல் வெளிச்சம் விழுந்தபோது கன்னத்துக்குள்ளே ஓடுகிற நரம்பு தெரிந்தது. பட்டுக் கவுண்டருக்குத் திரும்பிப் போனாள். ஞானபூரணத்துக்குச் சந்தோஷம். இந்தத் தடவை பாயசம் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் என் பாட்டிலை அவள் எறியவில்லை. காலையில் சைக்கிளைத் துடைக்கும்போது பார்த்தேன். முகம் கழுவிவிட்டு வந்தாள். வெள்ளை பாட்டிலைத் திறந்து உள்ளங்கையில் விட்டாள். கன்னத்தில், நெற்றியில், கழுத்தில் ஒத்திக்கொண்டாள். ஈரம் காய்வதற்குள் டியூபைப் பிதுக்கி அதன் மேலேயே தடவினாள். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கினாள். என்னை வருத்தப்படுத்திவிட்டோம் என்று அவளுக்கு மனசில் இருந்திருக்க வேண்டும்.

“ப்பா, நீங்க வாங்குனது ஒண்ணும் கெட்டதில்ல. அன்னைக்கு ஏதோ கோவத்துல சொல்லிட்டேன். முன்னால டியூப் போட்டா முதல்ல கொஞ்சம் எரியும், மத்தியானம் வரைக்கும் தோல் இழுத்துக்கிட்டே இருக்கும். இப்ப இதப் போட்டுட்டு மேல போட்டா எரியவே இல்ல. நல்லா உள்ள இறங்குது.”

“அப்படியா” என்றேன்.

“தீரப்போகுது. இன்னொண்ணு வாங்கிட்டு வாங்க. அதே வெள்ள பாட்டில்தான்.”

தபசு முடிந்து, தெருவில் கடை போட்டவர்கள் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்த நாளில் மிஸ்ரியா கடைக்குப் போனேன். இந்தத் தடவை தாள் கொண்டு போகவில்லை. என்னைக் கண்டதும் அவளே அலமாரியிலிருந்து வெள்ளை பாட்டிலை எடுத்துத் துடைத்து வைத்தாள்.

“பாத்தியளா, திரும்ப வந்துட்டிய. அண்ணாச்சி பரிசோதன பண்ணி எடுத்ததுன்னு சொல்லியே இதுல நாலஞ்சு வித்துட்டேன்.” காகிதப் பையில் போட்டு நீட்டினாள். “பிள்ளைக்கு முகம் எப்படி இருக்கு இப்ப?”

பையை வாங்கிக்கொண்டேன்.

“ரொம்ப வெள்ளையா இருக்கும்மா” என்றேன்.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றாள் மிஸ்ரியா, மனசார.